மேக்ஸ்சிபியூஸ்=4 கொடுத்தும் 16 சிபியூவும் எழுந்து நிற்கிறது, ஏன்?

நூல்கண்டு:
வணக்கம். என் கணினியில் 8 கோர், ஒவ்வொன்றிலும் இரண்டு என்று 16 த்ரெட். கெர்னல் கணக்கில் 16 சிபியூ. லினக்ஸ். நான் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கீட்டு நிரல், கோர் எண்ணிக்கை கூடக் கூட எவ்வளவு வேகமாகிறது என்று அளக்க வேண்டும். 1, 2, 4, 8 என்று ஏற்றிக்கொண்டே போய் ஒரு வரைபடம் போட ஆசை. கணினியிலேயே 4 சிபியூதான் இருக்கிறது என்ற நிலையில் நிரல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதால், சிபியூ எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் மேக்ஸ்சிபியூஸ்=4 ஆப்ஷனைக் கெர்னல் பூட் வரியில் சேர்த்தேன். பூட் ஆகி உள்ளே வந்து, சிபியூ விவரம் காட்டும் எல்எஸ்சிபியூ கட்டளையை அடித்தால் 0 முதல் 15 வரை எல்லாமே ஆன்லைன் என்கிறது. கெர்னல் இந்த ஆப்ஷனைக் கண்டுகொள்ளவே இல்லையா?

பழையகெர்னல்:
முதலில் ப்ராக் கோப்பகத்தில் இருக்கும் சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து பாருங்கள். கெர்னல் எந்த வரியோடு பூட் ஆனது என்பதற்கு அதுதான் சாட்சி. எட்சி, டீஃபால்ட் வழியாக, கெர்னலை ஏற்றும் க்ரப்பின் கோப்பில் எழுதிவிட்டு அப்டேட்-க்ரப் ஓட்டாமல் விட்டால் எதுவும் மாறாது. எழுத்து விட்டுப்போனாலும் கெர்னல் சண்டைக்கு வராது, தெரியாத ஆப்ஷன் என்று யூசர்ஸ்பேஸுக்குத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

அளந்து பார்க்க மட்டும் என்றால் கோப்பையே தொட வேண்டாம். க்ரப் மெனுவில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்து, கண்ட்ரோல் எக்ஸ் அடித்தால் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் செல்லும். ஏதாவது எசகுபிசகானாலும் அடுத்த பூட்டில் பழையபடி வந்துவிடும்.

நூல்கண்டு:
நீங்கள் சொன்னபடி மெனுவிலேயே சேர்த்துப் பார்த்தேன். சிஎம்டிலைன் கோப்பில் மேக்ஸ்சிபியூஸ்=4 இருக்கிறது, எழுத்தும் சரி. ஆனாலும் 16.

எறும்புப்புற்று:
எதற்கு இந்தப் பாடு? டாஸ்க்செட் மைனஸ் சி 0-3 என்று போட்டு, நிரலை அந்த நாலு சிபியூவில் மட்டும் ஓட்டினால் முடிந்தது. ரீபூட் வேண்டாம், க்ரப் வேண்டாம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறீர்கள்.

பழையகெர்னல்:
எறும்புப்புற்று, அந்தப் பேச்சுக்கு அப்புறம் வருவோம், அதில் விஷயம் இருக்கிறது. நூல்கண்டு, கெர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜ் வெளியீட்டில் "ப்ராட் அப்" என்று தேடி அந்த வரியையும், அதற்குப் பிறகு "பூட்டிங் நோட்" என்று வருகிற வரிகள் எல்லாவற்றையும் இங்கே போடுங்கள். முன்னால் இருக்கும் நேர முத்திரை முக்கியம்.

நூல்கண்டு:
"எஸ்எம்பி: ப்ராட் அப் 1 நோட், 4 சிபியூஸ்" என்று ஒரு வரி, ஒரு வினாடிக்கும் முன்பே வந்துவிடுகிறது. அதன் பிறகு வேறு ஏதேதோ வரிகள். சில வினாடி கழித்து "பூட்டிங் நோட் 0 ப்ராசசர் 4", "பூட்டிங் நோட் 0 ப்ராசசர் 5" என்று வரிசையாக 15 வரை போகிறது. அப்படியென்றால் கெர்னல் முதலில் நாலோடு நின்றுதான் இருக்கிறது, பிறகு யாரோ மற்றதை எழுப்பியிருக்கிறார்கள்?

பழையகெர்னல்:
அதேதான். கெர்னல் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. மேக்ஸ்சிபியூஸ் சொல்வது ஒன்றே ஒன்று: பூட் நேரத்தில் இத்தனைக்கு மேல் எழுப்பாதே. அதற்குப் பிறகு எழுப்பக் கூடாது என்று அது சொல்வதே இல்லை. கெர்னல் ஆவணத்திலேயே, பூட் ஆன பிறகு மற்ற சிபியூக்களை, சிஸ் கோப்பகத்தில் ஒவ்வொன்றுக்கும் உள்ள ஆன்லைன் கோப்பில் 1 எழுதி எழுப்பிக்கொள்ளலாம் என்று இருக்கிறது.

உங்களுக்கு எழுப்பிவிட்டது, சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் சேவையாகத்தான் இருக்கும். மெய்நிகர் கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிபியூ சேர்த்தால் அது தானாக ஆன்லைன் ஆக வேண்டும் என்பதற்காகச் சில டிஸ்ட்ரோக்கள் ஒரு யூடெவ் விதி வைத்திருக்கின்றன. "சிபியூ ஒன்று சேர்ந்ததாகச் செய்தி வந்தால், அது ஆன்லைனில் இல்லை என்றால், ஆன்லைன் கோப்பில் 1 எழுது" என்பதுதான் அந்த விதி. பூட்டின்போது யூடெவ் இருக்கிற எல்லாச் சாதனங்களுக்கும் "சேர்ந்தது" என்ற செய்தியை மறுபடி ஓட்டும். அதில் உறங்குகிற 12 சிபியூவும் மாட்டிக்கொள்ளும். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 காலத்திலேயே இதில் பலர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

லிப், யூடெவ், ரூல்ஸ்.டி கோப்பகத்தில் இருக்கும் கோப்புகளுக்குள் சிபியூ, ஆன்லைன் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வரும் வரியைக் க்ரெப் செய்து தேடுங்கள். பெரும்பாலும் 40 என்று தொடங்கும் கோப்பில் இருக்கும்.

மின்பொறி:
இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அந்த விதியை அணைப்பது: அதே பெயரில் எட்சி, யூடெவ், ரூல்ஸ்.டி-யில் ஒரு கோப்பு உருவாக்கி டெவ் நல்லுக்கு இணைப்புக் கொடுத்தால் மூலக் கோப்பு படிக்கப்படாது. அதே கோப்பில் நினைவக ஹாட்பிளக் போன்ற வேறு விதிகளும் இருந்தால், வெற்றாக்காமல் ஒரு நகல் எடுத்துச் சிபியூ வரியை மட்டும் நீக்குங்கள். இன்னொன்றை மறக்க வேண்டாம்: அந்த விதி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்-க்குள்ளும் போயிருக்கலாம், அதையும் மறுபடி உருவாக்குங்கள். இல்லாவிட்டால் எட்சியில் மாற்றியும் பயனில்லையே என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

இரண்டாவது வழி, என்ஆர்_சிபியூஸ்=4. இது வேறு சாதி ஆப்ஷன். கெர்னல் தன் கணக்கிலேயே அதிகபட்சம் 4 சிபியூதான் சாத்தியம் என்று வைத்துக்கொள்ளும். ஐந்தாவது சிபியூவுக்கு இடமே ஒதுக்காது. யூடெவ் என்ன, ரூட் பயனர் வந்து கெஞ்சினாலும் அடுத்த ரீபூட் வரை எழுப்ப முடியாது.

நூல்கண்டு:
விதி கிடைத்தது, பழையகெர்னல் சொன்ன மாதிரியே 40-ல்தான். அதை அணைத்து இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்தேன். இப்போது எல்எஸ்சிபியூ ஆன்லைன் 0-3, ஆஃப்லைன் 4-15 என்கிறது. நன்றி.

ஆனால் ஒரு வேடிக்கை. நிரல் இப்போதும் தன் வேலையை 16 த்ரெட்டாகப் பிரித்து உருவாக்குகிறது. 4 சிபியூ மேல் 16 த்ரெட் ஏறி உட்கார்ந்து ஒன்றையொன்று நெருக்குகின்றன.

மின்பொறி:
உங்கள் நிரல் சிபியூ எண்ணிக்கையை எப்படிக் கேட்கிறது? கணினி அமைப்பைக் கேட்டறியும் சிஸ்கான்ஃப் அழைப்பில் இரண்டு வகை உண்டு. கடைசியில் ஓஎன்எல்என் என்று முடிவது ஆன்லைனில் இருப்பதை மட்டும் எண்ணும். கான்ஃப் என்று முடிவது கணினியில் அமைந்திருப்பதை எல்லாம், ஆஃப்லைனில் உறங்குவதையும் சேர்த்து எண்ணும். மேக்ஸ்சிபியூஸ் போட்டாலும் சிஸ் கோப்பகத்தில் சிபியூ4 முதல் சிபியூ15 வரை உள்ள கோப்பகங்கள் அப்படியேதான் இருக்கும், கான்ஃப் 16 என்றுதான் சொல்லும். என்ஆர்_சிபியூஸ்=4 என்றால் அவை இருக்கவே இருக்காது, இரண்டு அழைப்பும் 4 சொல்லும்.

"கணினியிலேயே 4 சிபியூதான் இருக்கிறது என்ற நிலை" என்று முதல் பதிவில் கேட்டீர்களே, அதற்கு உண்மையான விடை என்ஆர்_சிபியூஸ்தான். என்ப்ராக் கட்டளையை வைத்து ஏமாற வேண்டாம். அது ப்ராசஸுக்கு அனுமதித்த சிபியூக்களை எண்ணும், என்ப்ராக் மைனஸ் மைனஸ் ஆல் போட்டால் வேறு எண் வரலாம்.

எறும்புப்புற்று:
பாருங்கள், நிரலிலேயே த்ரெட் எண்ணிக்கையை ஒரு ஆர்குமென்ட்டாக வாங்கியிருந்தால் இவ்வளவும் தேவையே இல்லை. டாஸ்க்செட், இல்லாவிட்டால் சிஸ்டம்டியில் அலவுட்சிபியூஸ், அதுவும் இல்லாவிட்டால் கன்டெய்னர். இன்றைக்குப் பூட் ஆப்ஷனை வைத்து கோரை எண்ணுகிறவர் யார்?

பழையகெர்னல்:
அன்றாட வேலைக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. ஒரு நிரல் கணினியை விழுங்காமல் இருக்க வேண்டும் என்றால் பூட் வரியைத் தொடவே கூடாது. ஆனால் டாஸ்க்செட் கட்டிப்போடுவது அந்த ஒரு நிரலையும் அதன் பிள்ளைகளையும் மட்டும்தான். இன்டரப்ட் (சாதனங்கள் சிபியூவை அழைக்கும் சமிக்ஞை), கெர்னல் த்ரெட், டிஸ்க் எழுதுகிற வேலை எல்லாம் மீதி 12 சிபியூவில் ஓசியில் ஓடும். அளவீட்டில் 4 சிபியூ என்று எழுதுவீர்கள், உண்மையில் பக்கத்தில் 12 பேர் கைகொடுத்துக்கொண்டிருப்பார்கள். டிஸ்க்கும் நெட்வொர்க்கும் அதிகம் பயன்படுத்தும் நிரலில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். வெறும் கணக்குப் போடும் நிரலில் பெரிதாகத் தெரியாது.

பூட் நேரத்திலேயே தொங்கிவிடும் கணினி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அங்கே டாஸ்க்செட் அடிக்க ஷெல்லே கிடைக்காது. மேக்ஸ்சிபியூஸ்=1 போட்டு எழுந்தால், கோளாறு பல சிபியூ ஒன்றாக ஓடுவதில் இருக்கிறதா இல்லையா என்பது உடனே பிரிந்துவிடும். நான் இந்த ஆப்ஷனை அதிகம் பயன்படுத்துவது அதற்குத்தான்.

கரிச்சான்:
நோஎஸ்எம்பி என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் 1 சிபியூதானே? எது நல்லது?

பழையகெர்னல்:
மேக்ஸ்சிபியூஸ்=0 என்பதும் நோஎஸ்எம்பி என்பதும் ஒன்று. ஆனால் =0, =1 இரண்டும் ஒன்றில்லை. 0 கொடுத்தால், இன்டரப்ட்களைச் சிபியூக்களுக்கு அனுப்பும் ஐஓ ஏபிக்கையும் சேர்த்து முடக்கிவிடும். இன்டரப்ட் பழைய முறைக்குப் போய் சில சாதனங்கள் எழாமலே போகலாம். ஒரு சிபியூ போதும் என்றால் 1 கொடுங்கள், 0 வேண்டாம்.

நூல்கண்டு:
நிரல் சிபியூவை எண்ணும் இடத்தை ஓஎன்எல்என்-க்கு மாற்றிவிட்டேன். இப்போது 4 த்ரெட்தான். ஆனால் 4 சிபியூவில் வேகம், 1 சிபியூவைவிட இரண்டரை மடங்குக்குக் கீழேதான் வருகிறது. நான் நாலுக்கு அருகில் எதிர்பார்த்தேன். நிரலில் லாக் எதுவும் பெரிதாக இல்லை. எங்கே போகிறது?

எறும்புப்புற்று:
சிஸ் கோப்பகத்தில் டிவைசஸ், சிஸ்டம், சிபியூ, சிபியூ0, டோபாலஜி என்று உள்ளே போய் த்ரெட்_சிப்ளிங்ஸ்_லிஸ்ட் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது?

நூல்கண்டு:
சிபியூ0-க்கு "0-1" என்றும், சிபியூ2-க்கு "2-3" என்றும் இருக்கிறது.

எறும்புப்புற்று:
அப்போது உங்களிடம் ஓடுவது 4 கோர் இல்லை, 2 கோர். ஒவ்வொரு கோரின் இரண்டு த்ரெட்டும் அடுத்தடுத்த எண்ணில் வருகின்றன. மேக்ஸ்சிபியூஸுக்குக் கோர், த்ரெட் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஃபர்ம்வேர் கொடுத்த வரிசையில் முதல் நாலை எடுக்கும், அவ்வளவுதான். சில கணினிகளில் 0 முதல் 7 வரை வெவ்வேறு கோர், 8 முதல் 15 வரை அவற்றின் இரட்டைகள். அங்கே =4 என்றால் உண்மையிலேயே 4 கோர். ஆக ஒரே ஆப்ஷன், இரண்டு கணினியில் இரண்டு அர்த்தம். ஒருவருடைய எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட்டால் குழப்பம்தான்.

2021-ல் இன்டெல் 12-ஆம் தலைமுறையில் பெரிய கோரும் சிறிய கோருமாகக் கலந்து கொண்டுவந்த பிறகு இது இன்னும் மோசம். 12900கே-யில் லினக்ஸ் எண்ணில் 0 முதல் 15 வரை பெரிய கோர்களின் த்ரெட்கள், 16 முதல் 23 வரை சிறிய கோர்கள். அங்கே 8, 16, 24 என்று ஏற்றி வரைபடம் போட்டால் கடைசிப் புள்ளி வேறு வகை இயந்திரத்தை அளந்தது போலத்தான். மொபைல் சிப்களில் எந்த எண் பெரிய கோர், எந்த எண் சிறியது என்பது டிவைஸ் ட்ரீயில் எழுதியவர் போட்ட வரிசையைப் பொறுத்தது.

நூல்கண்டு:
சரி, அப்போது 4 தனித்தனி கோர் வேண்டும் என்றால்? நோஎஸ்எம்டி-யோடு சேர்த்துப் போடலாமா?

மின்பொறி:
நோஎஸ்எம்டி போட்டால் ஒவ்வொரு கோரிலும் ஒரு த்ரெட்தான் மிஞ்சும், அது உங்களுக்கு நல்லதுதான். ஆனால் அதையும் மேக்ஸ்சிபியூஸையும் ஒரே வரியில் கலக்க வேண்டாம். முடக்கப்பட்ட இரட்டையும் எண்ணிக்கையில் சேருமா என்பதில் கெர்னல் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு வரும். நோஎஸ்எம்டி மட்டும் போட்டு 8 கோரோடு எழுந்துவிடுங்கள். பிறகு வேண்டாத கோர்களின் ஆன்லைன் கோப்பில் 0 எழுதி ஒவ்வொன்றாக இறக்குங்கள். எது எது என்பதை நீங்களே முடிவு செய்யலாம், 8-லிருந்து 4, 2, 1 என்று ரீபூட் இல்லாமலே இறங்கி வரலாம். எக்ஸ்86-ல் சிபியூ0-ஐ மட்டும் இறக்க முடியாது, அதன் கோப்பகத்தில் அந்தக் கோப்பே இருக்காது.

கோரைத் தேர்ந்தெடுக்கும்போது, கோர்கள் பகிர்ந்துகொள்ளும் வேக நினைவகமான எல்3 கேஷையும் பாருங்கள். ஏஎம்டி சிப் சிலவற்றில் கோர்கள் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனி எல்3 இருக்கும். 4 கோரும் ஒரே குழுவில் இருந்தால் ஒரு முடிவு, இரண்டு இரண்டாகப் பிரிந்தால் வேறு முடிவு. இரண்டில் எதை அளந்தீர்கள் என்று எழுதாத வரைபடத்தை நான் நம்புவதில்லை.

பழையகெர்னல்:
டர்போவையும் அணையுங்கள். 1 கோர் மட்டும் ஓடும்போது அது மேலே பறக்கும், 8-ம் ஓடும்போது எல்லாம் கொஞ்சம் இறங்கி ஓடும். அதை அணைக்காமல் அளந்தால் நிரல் ஒழுங்காக இருந்தாலும் வரைபடம் வளைந்து தொங்கும், பழி நிரல் மேல் விழும்.

கரிச்சான்:
என் கேள்வி வேறு, ஆனால் இதோடு தொடர்பு உண்டு. மடிக்கணினியில் பாட்டரி அதிகம் நிற்கட்டும் என்று என்ஆர்_சிபியூஸ்=2 போட்டு வைத்தால் என்ன?

மின்பொறி:
வேண்டாம். வேலையில்லாத கோரைக் கெர்னல் ஏற்கெனவே ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அதைவிட, பூட்டிலேயே எழுப்பாமல் விட்ட கோர் எந்த நிலையில் கிடக்கிறது என்பது ஃபர்ம்வேர் விட்டுப்போன நிலை. கெர்னல் அதைத் தொட்டதே இல்லை, முறையாக உறங்க வைக்கவும் இல்லை. சில கணினிகளில் அப்படி ஒரு கோர் அரைகுறையாகக் கிடப்பதால் சிப் முழுவதும் ஆழ் உறக்கத்துக்குப் போக முடியாமல் மின்சாரம் கூடுதலாகவே செலவாகும். மிச்சம் பிடிக்கப் போய்க் கைக்காசும் போன கதை. எழுப்பி, பிறகு ஆன்லைன் கோப்பு வழியாக இறக்கிய கோர் இதைவிட மேல். ஒன்றும் செய்யாமல் விடுவது எல்லாவற்றையும்விட மேல்.

ஜன்னல்காரன்:
விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக், பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போனால் "நம்பர் ஆஃப் ப்ராசசர்ஸ்" என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் கணினி வேகமாகும் என்று எத்தனையோ வீடியோ பார்த்தேன். உண்மையா?

எறும்புப்புற்று:
பொய். அந்தப் பெட்டியில் டிக் இல்லாதபோது விண்டோஸ் எல்லா ப்ராசசரையும்தான் பயன்படுத்துகிறது. டிக் போட்டால் அது ஒரு உச்சவரம்பு மட்டும், பிசிடிஎடிட்டில் நம்ப்ராக் என்று எழுதுவதும் இதுவே. முழு எண்ணைக் கொடுத்தால் ஒன்றும் மாறாது, குறைத்துக் கொடுத்துவிட்டு மறந்துபோனால்தான் மாறும். மேக்ஸ்சிபியூஸ் மாதிரி சோதனைக்காக வைத்த ஆப்ஷன் அது. ஃப்ரீபிஎஸ்டி-யில் லோடர் கோப்பில் கெர்ன்.எஸ்எம்பி.டிசேபிள்டு=1 என்று போட்டால் ஒரே சிபியூ.

வடிகட்டி:
நான் கேடம்ப் (கெர்னல் விழும்போது நினைவகத்தின் நகல் எடுக்கும் வசதி) பக்கம் வேலை செய்பவன். என்ஆர்_சிபியூஸுக்கு நிஜமான வேலை அங்கேதான். கெர்னல் விழுந்ததும், முன்பே ஒதுக்கி வைத்த சின்ன நினைவகத்துக்குள் இரண்டாவது கெர்னல் எழுந்து டம்ப் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சாத்தியமான சிபியூவுக்கும் கெர்னல் கொஞ்சம் நினைவகம் ஒதுக்கும், டிரைவர்களும் சிபியூவுக்கு ஒன்று என்று க்யூ அமைக்கும். நூற்றுக்கணக்கான த்ரெட் உள்ள சர்வரில் மேக்ஸ்சிபியூஸ்=1 போட்டால் ஓடுவது ஒன்றுதான், ஆனால் ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் நடந்துவிடும். டம்ப் எடுக்கவேண்டிய கெர்னலே நினைவகம் போதாமல் விழும். என்ஆர்_சிபியூஸ்=1 போட்டால் அந்த ஒதுக்கீடே கிடையாது. அதனால்தான் எக்ஸ்86-ல் கேடம்புக்கு அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

இரண்டு சாக்கெட் உள்ள கணினியில் எண்ணைக் குறைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிபியூவைக் குறைத்தால் நினைவகம் குறையாது. இரண்டாவது சாக்கெட்டின் கோர் ஒன்றுகூட எழாவிட்டாலும் அதன் நினைவகத்தைக் கெர்னல் பயன்படுத்தும், தூரத்து நினைவகம் என்பதால் மெதுவாக. ஒரே சீராக வரவேண்டிய அளவீடு திடீரென்று தள்ளாடினால், எந்தச் சாக்கெட்டின் நினைவகம் பயன்படுகிறது என்று காட்டும் நூமாஸ்டாட் பாருங்கள்.

பட்டறை:
எனக்கு வேறு மாதிரி தேவை. ஒரு பழைய டெஸ்க்டாப், 8 கோர், ஹைப்பர்த்ரெடிங் இல்லை. எம்சிஇ பிழைகள் (சிபியூவே அறிவிக்கும் வன்பொருள் பிழைகள்) எப்போதும் சிபியூ5-ல் மட்டுமே வருகின்றன. புதிய சிப் வரும்வரை 5-ஐ மட்டும் தவிர்த்து ஓட்ட வேண்டும். என்ஆர்_சிபியூஸ்=5 போட்டால் 6, 7 இரண்டும் சேர்ந்து போய்விடுகிறதே? ஐசோல்சிபியூஸ்=5 போதுமா?

பழையகெர்னல்:
போதாது. ஐசோல்சிபியூஸ் ஷெட்யூலர் அந்தச் சிபியூவுக்குத் தானாக வேலை அனுப்பாமல் தடுக்கும், ஆனால் சிபியூ எழுந்து ஓடிக்கொண்டுதான் இருக்கும். கெர்னலின் சொந்த வேலைகள் அதில் நடக்கும்.

முதலில் பயாஸில் கோர் வாரியாக அணைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள், சில போர்டுகளில் உண்டு. இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் இந்த இழையின் தொடக்கத்தில் நூல்கண்டுவுக்குத் தலைவலியாக இருந்த குணமே உங்களுக்கு உதவும். மேக்ஸ்சிபியூஸ்=5 கொடுங்கள், 0 முதல் 4 வரை எழும். பிறகு ஒரு சிறிய சிஸ்டம்டி சர்வீஸ் எழுதி சிபியூ6, சிபியூ7 இரண்டின் ஆன்லைன் கோப்பிலும் 1 எழுதுங்கள். 5-ஐத் தொடவே வேண்டாம். 7 கோர் கிடைக்கும், கெட்ட கோரில் கெர்னல் ஒரு கட்டளைகூட ஓட்டியிருக்காது. முழுவதும் பூட் ஆன பிறகு 5-ஐ இறக்கினால் பூட் நேரத்து வேலைகளை அது ஏற்கெனவே செய்து முடித்திருக்கும். மேலே சொன்ன யூடெவ் விதி உங்களிடம் இருந்தால் அதை அணைக்காமல் இது பலிக்காது.

மின்பொறி:
ஒரு எச்சரிக்கை. இன்டெல் சிப்பில் சில எம்சிஇ எல்லா கோருக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகும். கெர்னல் எழுப்பாத கோரில் அதை வாங்கிக்கொள்ளும் பிட் இயக்கப்பட்டிருக்காது, அப்படி ஒரு கோருக்கு அது போய்ச் சேர்ந்தால் கணினி அங்கேயே ரீசெட் ஆகும். நோஎஸ்எம்டி போடும்போது கெர்னல் இரட்டைகளை ஒரு முறை எழுப்பி, அந்த பிட்டைப் போட்டுவிட்டு, பிறகு இறக்குவது இதற்காகத்தான். ஆகவே பட்டறை, பிழைப் பதிவு எதுவும் இல்லாமல் திடீரென்று ரீசெட் ஆனால், மேக்ஸ்சிபியூஸை எடுத்துவிட்டு முழுவதும் எழுப்பி, முடிந்தவரை சீக்கிரமே 5-ஐ இறக்கும் வழிக்கு மாறிப் பாருங்கள்.

பட்டறை:
பயாஸில் எத்தனை கோர் வேண்டும் என்ற எண்ணிக்கை மட்டும்தான் கேட்கிறது, எந்தக் கோர் என்று கேட்கவில்லை. அதனால் மேக்ஸ்சிபியூஸ்=5, பிறகு 6, 7. யூடெவ் விதி என் டிஸ்ட்ரோவில் இல்லை. எல்எஸ்சிபியூ ஆன்லைன் 0-4,6,7 என்கிறது, ஆஃப்லைன் 5. நேற்று இரவு முழுவதும் ஒரு பெரிய கம்பைல் ஓடவிட்டேன், எம்சிஇ பதிவு எதுவும் இல்லை, ரீசெட்டும் இல்லை. கெர்னல் அப்டேட் வந்தால் க்ரப்பில் இந்த வரி நிற்குமா?

பழையகெர்னல்:
எட்சி, டீஃபால்ட், க்ரப் கோப்பில் எழுதியிருந்தால் நிற்கும். ஃபெடோரா வகை என்றால் க்ரப்பி கட்டளையில் அப்டேட்-கெர்னல்=ஆல் என்று கொடுத்துச் சேருங்கள். புதிய கெர்னலோடு முதல் முறை எழுந்ததும் எல்எஸ்சிபியூ ஒரு தடவை பாருங்கள், எப்போதாவது யூடெவ் பேக்கேஜ் அப்டேட்டில் அந்த விதி உங்களுக்கும் வந்து சேரலாம்.

நூல்கண்டு:
நோஎஸ்எம்டி, டர்போ அணைத்து, கோர்களை ஒவ்வொன்றாக இறக்கி அளந்தேன். 4 கோரில் 3.7 மடங்கு வருகிறது. 8-ல் 5-க்குச் சற்று மேலே போய் நின்றுவிடுகிறது. அது நினைவகப் பட்டையகலமாக இருக்கும் என்று நினைக்கிறேன், பெர்ஃப் என்ற அளவீட்டுக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுத் தனி இழை தொடங்குகிறேன்.